அஸ்காரி யாருக்காகச் சுட்டான்? வாசகர் வட்டத்தில் பேச ஒரு வழி

‘விசுவாசமா, வயிற்றுப்பாடா?’ என்று தலைப்பு வைத்தால் தீர்ந்தது. மதுரையில் அது பட்டிமன்றமாகிவிடும். காலனிப் படைகளில் இருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பேச அந்த வடிவம் ஆகாது; ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்தன.

90 நிமிடம், 12 பேர், மூன்று குழு போதும். குழுவுக்கு ஓர் அட்டை, அதில் நான்கு கட்டம்: எப்படிச் சேர்ந்தான், என்ன கிடைத்தது, குடும்பம் எங்கே இருந்தது, விசுவாசம் எப்போது முறிந்தது. நிரப்ப 40 நிமிடம்.

முதல் அட்டை, ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் (பெரும்பகுதி இன்றைய தான்சானியா) அஸ்காரி, அதாவது காலனிப் படையின் ஆப்பிரிக்கச் சிப்பாய். 1889-இல் சேர்ந்த முதல் ஆட்களில் பெரும்பாலோர் கெய்ரோவில் திரட்டப்பட்ட சூடானியர். சம்பளம் ரூபாயில் (ஆம், அந்தக் காலனியின் நாணயத்துக்கும் ரூபாய் என்றுதான் பெயர்). பெண்டாட்டி பிள்ளைகள் முகாமோடு நடந்தார்கள். ஊரில் மரியாதை, அதட்டும் அதிகாரம். முதல் உலகப் போர் இழுத்தடித்துச் சம்பளம் நின்றதும் பலர் ஓடினார்கள். பிடிபட்டவர்களில் பலர் பிரிட்டிஷாரின் கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸிலேயே சேர்ந்தார்கள். ஆனால் கடைசிவரை நின்றவர்களும் உண்டு. 1918 நவம்பர் 25-இல்தான் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பிரெஞ்சுப் படையின் செனகல் சிப்பாய் (மேற்கு ஆப்பிரிக்காவின் மற்ற பகுதிகளில் சேர்க்கப்பட்டவர்களுக்கும் இதே பெயர்தான்). கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து 1915-16-இல் வோல்டா பகுதி (இன்றைய புர்கினா ஃபாசோ பக்கம்) கிளர்ந்தது. 1944 டிசம்பர் 1-இல் செனகலின் தியாரோய் முகாமில் சம்பள பாக்கி கேட்டவர்களைப் பிரெஞ்சுப் படையே சுட்டது. பலி 35 என்றது அரசு. அந்த எண்ணிக்கை இன்றும் சர்ச்சைதான். மூன்றாவது, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷாருக்காகப் பர்மாவில் போரிட்டுத் திரும்பிய கோல்ட் கோஸ்ட் (இன்றைய கானா) சிப்பாய்: 1948 பிப்ரவரி 28, அக்ராவில் முன்னாள் சிப்பாய்களின் ஊர்வலம், போலீஸ் சுட்டதில் மூவர் சாவு.

வழக்கமாகச் சறுக்கும் இடம் சான்று. ‘விசுவாசமான அஸ்காரி’ என்று அதிகாரி எழுதியிருந்தால் எழுதிய ஆண்டைப் பாருங்கள். 1919-க்குப் பிறகு, இழந்த காலனியைத் திரும்பக் கேட்ட ஜெர்மானியருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது.

‘நமக்கென்ன சம்பந்தம்?’ என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் அஸ்காரிகளிடம் அடிவாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையில் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தது என்று சொன்னால் போதும்.

மதுரை சம்மட்டிபுரத்தில் அடங்கியிருக்கும் கான்சாகிபை (கம்பெனிப் படைத் தளபதியாக இருந்த மருதநாயகம்) முதலில் எடுக்காதீர்கள். மொத்த நேரத்தையும் அவரே விழுங்கிவிடுவார். கடைசி 20 நிமிடம் அவருக்கு. அதே நான்கு கட்டம். எல்லோரும் நேராக நான்காவதுக்கு ஓடி ‘1763, கம்பெனியை எதிர்த்தார்’ என்று எழுதுவார்கள். தடுத்து, முதல் மூன்றை நிரப்பச் சொல்லுங்கள்.