ஜப்பானில் கோடை விழாப் பயணம்: நாள் குறிப்பதிலிருந்து நடுப்பகலைக் கழிப்பது வரை

ஜப்பானுக்குக் கோடையில் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஊர்ப்பெயர்களைத்தான் முதலில் எழுதுகிறார்கள்: டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா. விமானச் சீட்டு எடுத்தபிறகுதான் அந்த நாட்களில் என்ன விழா என்று தேடுகிறார்கள். அங்கேதான் பயணம் கோணலாகிறது. பெரிய விழாக்கள் பல ஆண்டுதோறும் ஒரே தேதியில் நடப்பவை. ஜூலை 18 அன்று கியோட்டோவில் இறங்கினால், முந்தைய நாள் ஊர்வலம் போன தேர்களைக் கழற்றி அடுக்கி வைத்திருப்பார்கள். அதனால் விழா நாளை முதலில் குறியுங்கள். ஊர் அதற்கு அடுத்தது. விமானம் கடைசி.

படி 1: விழாவைத் தேர்ந்தெடுத்தல்

டோக்கியோ, கியோட்டோ பக்கம் ஜூன் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஹொக்கைடோ தீவு மட்டும் பெரும்பாலும் இதற்குத் தப்பும். ஆகவே விழாப் பயணத்துக்கு நல்ல காலம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரையிலான ஒரு மாதம். அதற்குள் மூன்று கொத்துகள் இருக்கின்றன.

முதலாவது, ஜூலையில் கியோட்டோவும் ஒசாகாவும். கியோட்டோவின் கியோன் மட்சுரி (மட்சுரி என்றால் விழா) ஜூலை மாதம் முழுவதும் நடந்தாலும், தேர் ஊர்வலம் இரண்டே நாட்களில்தான்: 17-ஆம் தேதி 23 தேர்கள், 24-ஆம் தேதி 11 தேர்கள். 17-க்கு முந்தைய 15, 16 இரவுகளில் நடுநகரச் சாலைகளை வண்டிகளுக்கு மூடி, கடைகள் போடுவார்கள். நிற்க இடம் கிடைக்காது. 24-க்கு முந்தைய மூன்று இரவுகளில் தெருக்கடைகள் இல்லை, தேர்களை நின்று நிதானமாகப் பார்க்கலாம். குழந்தைகளோ பெரியவர்களோ உடன் வந்தால் 24-ஐயே தேர்ந்தெடுங்கள். மறுநாள் 25 மாலை ஒசாகாவில் தென்ஜின் மட்சுரியின் படகு ஊர்வலமும் வாணவேடிக்கையும் இருக்கும். ரயிலில் அரை மணி தூரம்தான். இரண்டே நாட்களில் இரண்டு பெரிய விழாக்கள்.

தேரோட்டத்தில் தவறவிடக் கூடாதது தெருமுனைத் திருப்பம். பெரிய தேர்கள் ஏறக்குறைய 12 டன் எடை, சக்கரங்கள் திரும்பாது. பிளந்த மூங்கில் பட்டைகளைச் சக்கரத்தின் அடியில் பரப்பித் தண்ணீர் ஊற்றி, கயிறு கட்டிப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புவார்கள். ஷிஜோ கவராமாச்சி, கவராமாச்சி ஓஇகே ஆகிய இரண்டு முனைகளிலும் இதைப் பார்க்கலாம். முனைகளில் கூட்டம் முன்கூட்டியே சேரும் என்பதால் காலை 8 மணிக்குள் போய் நில்லுங்கள்.

இரண்டாவது கொத்து, ஆகஸ்ட் முதல் வாரத்தில் வடகிழக்கு: விளக்கெரியும் காகித உருவங்கள் ஊர்வலம் வரும் அவோமோரியின் நெபுதா (ஆகஸ்ட் 2 முதல் 7), விளக்குகள் கட்டிய மூங்கில் கம்பங்களை ஏந்தும் அகிதாவின் கந்தோ (3 முதல் 6), அலங்காரங்கள் தொங்கும் செண்டாயின் தனபாட்டா (6 முதல் 8). மூன்று ஊர்களும் ரயிலால் இணைந்தவை, தேதிகளும் சங்கிலிபோல் தொடர்பவை. ஆகஸ்டில் அவோமோரியின் சராசரி உச்ச வெப்பம் 28 டிகிரியை ஒட்டியது. கியோட்டோவில் 33-ஐத் தாண்டும். முதல் பயணத்துக்கு இந்தக் கொத்தையே நாங்கள் பரிந்துரைப்போம்.

மூன்றாவது, ஓபோன். முன்னோர் வீட்டுக்கு வந்து போவதாக நம்பும் ஆகஸ்ட் 13 முதல் 16 வரையிலான நாட்கள். தோகுஷிமாவில் 12 முதல் 15 வரை அவா ஓதோரி நடனம், 16 இரவு 8 மணிக்குக் கியோட்டோ மலைகளில் ஏற்றும் பெருந்தீ எழுத்துகள். மனதை உலுக்கும் காட்சிகள்தான். ஆனால் ஜப்பானே சொந்த ஊருக்குக் கிளம்பும் நேரம் அது. ரயில், அறை எல்லாம் நெருக்கடி, சிறு கடைகள் பல மூடியிருக்கும். இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நாட்களை அடுக்குதல்

வடகிழக்குக் கொத்தை இப்படி அடுக்கலாம். ஆகஸ்ட் 1 டோக்கியோ வருகை. 2 ஓய்வும் பக்கத்து இடங்களும். 3 காலை ஹயாபுசா ரயிலில் ஷின் அவோமோரி, ஏறத்தாழ மூன்றேகால் மணி நேரம். 3, 4 இரவுகளில் நெபுதா. 5 காலை அகிதா, அன்றிரவு கந்தோ. 6 காலை கோமாச்சி ரயிலில் செண்டாய். 7 முழுதும் அங்கே. 8 டோக்கியோ, 9 அல்லது 10 ஊர் திரும்புதல். ஆகஸ்ட் 11 மலை நாள் விடுமுறை. ஓபோன் நெரிசல் அதையொட்டியே தொடங்கிவிடும். அதற்கு முன் வெளியேறுவதுதான் இந்த அடுக்கின் பலம்.

நெபுதாவில் எந்த இரவு என்பதும் முக்கியம். 2, 3 தேதிகளில் குழந்தைகளின் சிறு உருவங்களும் சேர்ந்து வரும். 4 முதல் 6 வரை பெரிய உருவங்களின் நாட்கள்: 9 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரத்தில் உள்ளே விளக்கெரியும் காகித வீரர்கள். 7-ஆம் தேதி ஊர்வலம் பகலில் நடக்கும், இரவில் கடலோர வாணவேடிக்கை. ஒரே ஒரு இரவுதான் முடியும் என்றால் 4, 5, 6-இல் ஒன்றைக் குறியுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா தேவை. விண்ணப்பத்தோடு நாள்வாரித் திட்டமும் கொடுக்க வேண்டியிருப்பதால், இந்த அடுக்கை எழுதியபிறகே விண்ணப்பியுங்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுகளுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை.

படி 3: அறை

விழா நாட்களில் அவோமோரியில் அறைகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். மிஞ்சியவை இரண்டு மூன்று மடங்கு விலை சொல்லும். ஆறு மாதம் முன்பே, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாகப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் ஹிரோசாகி அல்லது ஹச்சினோஹேயில் தங்கி மாலை மட்டும் வரலாம். ஹிரோசாகியிலிருந்து சாதாரண ரயிலில் முக்கால் மணிதான், அங்கேயும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை நெபுதாவின் உறவான நெபுத்தா விழா உண்டு. ஆனால் வெளியூரில் தங்கினால் கடைசி ரயில் நேரத்தைக் கைபேசியில் படமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வலம் முடிந்த கூட்டத்தில் ரயில் நிலையத்துக்கு நடக்கவே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

சாவி பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் தருவார்கள். காலையிலேயே போனால் பெட்டியை மட்டும் வாங்கி வைப்பார்கள். நாணயம் போடும் துணி துவைக்கும் இயந்திரம் உள்ள விடுதியாகப் பாருங்கள். கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு சட்டை நனையும். துவைக்க வசதி இருந்தால் நான்கு சட்டைகளோடு பத்து நாள் ஓட்டலாம்.

படி 4: ரயிலும் பெட்டியும்

ரயில் நிலையங்களில் இருக்கை விற்பனை பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன், ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது காலை 6.30. ஹயாபுசா, கோமாச்சி ரயில்களில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. "போய் ஏறிக்கொள்ளலாம்" என்று நினைத்தவர்கள் நடைமேடையில் நிற்க நேர்கிறது. டோக்கியோ கியோட்டோ தடத்தில் ஓடும் நொசோமியிலும் ஓபோன் நாட்களில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுதான்.

நாடு முழுவதும் செல்லும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் ஏழு நாளுக்கு 2023 அக்டோபரில் 50,000 யெனாக உயர்ந்தது. மேலே சொன்ன சுற்றைத் தனித்தனிச் சீட்டாக எடுத்தால் அதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். கிழக்கு ஜப்பானுக்கு மட்டுமான பாஸ் இன்னும் மலிவு; நீங்கள் போகும் ஆண்டின் விலையையும் அது செல்லுபடியாகும் நாட்களையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஊருக்குள் போக சுய்க்கா, இக்கோக்கா போன்ற தொடு அட்டை ஒன்று போதும்.

பெட்டி விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா தடத்தின் ஷிங்கான்சென் எனும் அதிவேக ரயிலில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ.க்கு மேல் வரும் பெட்டிக்கு, அதற்கான இருக்கையைச் சேர்த்தே பதிய வேண்டும். பதியாமல் ஏற்றினால் 1,000 யென் கூடுதல் கட்டணம். இதைவிடச் சுகமான வழி, பெட்டியைத் தக்யூபின் எனும் பெட்டி அனுப்பும் சேவையில் விடுவது. விடுதி வரவேற்பில் காலையில் கொடுத்தால், பக்கத்துப் பெருநகர விடுதிக்கு மறுநாள் போய்ச் சேரும். தூரத்துக்கும் அளவுக்கும் ஏற்ப ஒரு பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென் வரை ஆகும். இடையில் ஒரு இரவுக்கான துணி, மருந்து, மின்னேற்றி, கடவுச்சீட்டு ஆகியவற்றை முதுகுப்பையில் வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

படி 5: நாளை மூன்றாக வெட்டுதல்

"சென்னை மே மாத வெயிலைப் பார்த்தவர்களுக்கு 33 டிகிரி என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. காற்றின் ஈரத்தில் வியர்வை உலராது. அது உலரும்போதுதான் உடல் குளிரும். சொந்த ஊரில் நண்பகலில் யாரும் 15,000 காலடி நடப்பதில்லை, பயணத்தில் நடக்கிறோம். வித்தியாசம் அதுதான். 2025 ஆகஸ்ட் 5 அன்று குன்மா மாகாணத்தின் இசேசாகியில் 41.8 டிகிரி பதிவானது. ஜப்பானில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் வெயிலின் கதிர்வெப்பத்தையும் சேர்த்து ஒரு வெப்பக் குறியீடு கணக்கிடுகிறார்கள். அது 31-ஐத் தொட்டால் ஆபத்து நிலை. 33 எட்டும் என்று கணித்தால் முந்தைய நாள் மாலை 5 மணிக்கும் அன்று காலை 5 மணிக்கும் வெப்ப எச்சரிக்கை வரும். எச்சரிக்கை வந்த நாளில் வெளிவேலையைப் பாதியாகக் குறையுங்கள்.

நாளை இப்படி வெட்டுங்கள்.

காலை 5.30 முதல் 10 வரை வெளியே. கோடையில் சூரியன் 5 மணியை ஒட்டியே உதித்துவிடும். கியோட்டோவின் கியோமிசு கோயில் காலை 6 மணிக்கே திறக்கும். ஃபுஷிமி இனாரியின் செந்நிற வாயில் வரிசைக்கு அடைப்பே கிடையாது. டோக்கியோ சென்சோஜியின் மண்டபமும் கோடையில் 6 மணிக்குத் திறக்கும். 9 மணிக்குப் பின் அந்த இடங்களில் தள்ளுமுள்ளுதான்.

10 முதல் 4 வரை கூரையின் கீழ். அருங்காட்சியகம் (பெரும்பாலானவை திங்களன்று மூடியிருக்கும்), ஒசாகா உமேதாவின் நிலத்தடிக் கடைவீதி, கியோட்டோவின் நிஷிகி சந்தை, அல்லது விடுதியில் தூக்கம். ஊர் விட்டு ஊர் போகும் ரயிலையும் இந்த நேரத்திலேயே வையுங்கள். செண்டாயின் தனபாட்டா அலங்காரங்களில் பெரும்பாலானவை கூரையிட்ட கடைவீதிகளில் தொங்குவதால், அந்த ஒரு விழாவை மட்டும் நண்பகலிலும் பார்க்கலாம்.

மாலை 4 முதல் இரவு வரை விழா.

கைப்பையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி, வெயில் குடை (ஆண்களும் பிடிக்கிறார்கள்), சிறு துண்டு, உப்பு மிட்டாய், குப்பைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. தெருவில் குப்பைத் தொட்டி அரிது. தானியங்கி இயந்திரங்களில் 130 முதல் 180 யெனுக்குக் குளிர்பானம் கிடைக்கும். சர்க்கரை வேண்டாதவர்களுக்கு வறுத்த பார்லியில் செய்யும் முகிச்சா நல்லது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. பிற்பகலில் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் வரும். இடையிடையே போக்காரி ஸ்வெட் போன்ற உப்புப் பானம் குடியுங்கள். தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிழலுக்குப் போய்க் கழுத்தையும் அக்குளையும் குளிர்வியுங்கள். பேச்சு குழறினால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 119-ஐ அழையுங்கள்.

படி 6: விழா இரவு

நெபுதாவில் யாரும் ஆடலாம், ஒரே நிபந்தனை ஹனேதோ எனும் ஆட்டக்காரர் உடை முழுதாக இருக்க வேண்டும். ஊரிலேயே வாடகைக்குத் தருகிறார்கள், கட்டியும் விடுகிறார்கள். "ரஸ்ஸேரா ரஸ்ஸேரா" என்று கத்திக்கொண்டு ஒற்றைக் காலில் இரண்டிரண்டாகக் குதிப்பதுதான் ஆட்டம். அரை மணியில் மூச்சு வாங்கும், ஆனால் இந்தப் பயணத்தில் வேறெதுவும் இதற்கு ஈடாகாது. உட்கார்ந்து பார்க்க விரும்பினால் கட்டண இருக்கையை முன்கூட்டியே வாங்குங்கள். இல்லையென்றால் சாலையோரத்தில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும்.

வாணவேடிக்கை என்றால் (டோக்கியோவின் சுமிதா நதி விழா வழக்கமாக ஜூலை கடைசி சனிக்கிழமை) திரும்பும் பயணத்துக்கான பணத்தைத் தொடு அட்டையில் முன்பே போட்டுவிடுங்கள். முடிந்தவுடன் பக்கத்து நிலையத்துக்கு ஓடாமல், ஒரு நிலையம் தள்ளி நடந்து ஏறுங்கள்.

விழாக் கடைகளில் சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது: யாகிசோபா எனும் வறுத்த நூடுல்ஸில் பெரும்பாலும் பன்றி, தகோயாகி எனும் மாவு உருண்டையில் ஆக்டோபஸ். தைரியமாக வாங்கக்கூடியவை: சோயா தடவிச் சுட்ட சோளம், வெண்ணெய் உருளைக்கிழங்கு, காகிகோரி எனும் ஐஸ் துருவல், சாக்லேட் வாழைப்பழம். குச்சியில் செருகிய வெள்ளரியை ஊறவைத்த நீரில் மீன்சாறு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். உணவகங்களில் இறைச்சியே தெரியாத குழம்பிலும் தாஷி எனும் மீன்சாறு இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்பதோடு "மீன்சாறும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் காட்டுங்கள். செண்டாயில் எடமாமே எனும் பச்சை சோயா விழுது பூசிய அரிசிப் பலகாரமான சுண்டா மோச்சியைத் தேடிச் சாப்பிடுங்கள்.

படி 7: மழையும் புயலும்

ஆகஸ்டில் புயல் வரும். கடும்புயல் நெருங்கினால் ரயில் நிறுவனங்கள் ஓரிரு நாள் முன்பே நிறுத்தத்தை அறிவிக்கும். அப்படி நின்ற ரயிலுக்குக் கட்டணம் முழுதும் திரும்பும். விமானத்துக்கு முந்தைய இரவையாவது விமான நிலையம் உள்ள பெருநகரத்தில் தங்கும்படி வைத்திருந்தால் பதற்றம் இல்லை. இடிமழையும் கெடுக்கும்: டோக்கியோ ஆதாச்சியின் 2024 வாணவேடிக்கை தொடங்குவதற்குச் சற்று முன் மின்னலால் ரத்தானது.

நெபுதா உருவங்களை மழையில் பிளாஸ்டிக் போர்த்தியே இழுப்பார்கள். கந்தோ அப்படி இல்லை. 12 மீட்டர் மூங்கில் கம்பத்தில் 46 காகித விளக்குகள், உள்ளே மெழுகுவத்தி, மொத்தம் 50 கிலோ. அதை ஒருவர் உள்ளங்கையிலும் நெற்றியிலும் இடுப்பிலும் நிறுத்துகிறார். பலத்த மழைக்கும் காற்றுக்கும் அது தாங்காது. அகிதாவில் அந்த இரவு போய்விட்டால், மறுநாள் காலை செண்டாய் ரயிலுக்கு முன் நெபுரி நகாஷி கான் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே கம்பங்கள் நிற்கின்றன. சிறிய கம்பம் ஒன்றை நீங்களே தூக்கிப் பார்க்கலாம்.