மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் சிவப்பு ஆள்: ஒருவர் தலையில் விழுந்த இரட்டை வேலையைப் பிரிப்பது எப்படி?

திட்ட அட்டவணை போடும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் அட்டவணை போட்டு முடித்து நிமிர்ந்தால், இடது ஓரத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு மனித உருவம் நிற்கும். ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் உடனே, மோதும் வேலைகளின் தேதிகளைத் தானாகத் தள்ளிவைக்கும் 'லெவல் ஆல்' பட்டனைத் தேடுகிறார்கள். அதற்கு அவசரமில்லை. அந்த பட்டனுக்குத் தேதிகள் தெரியும், கட்டடம் தெரியாது.

இரண்டு மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் மாடியின் கூரைக்குக் கம்பி கட்டியாகிவிட்டது. அதில் மின்குழாய் பதிக்க எலெக்ட்ரீஷியனுக்குத் திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள், அதாவது 24 மணி நேரம். வியாழக்கிழமை கான்கிரீட். அதே மூன்று நாட்களில் தரைத்தளச் சுவர்களில் காடி வெட்டிக் குழாய் பதிக்கும் வேலையும் அவருக்கே போடப்பட்டிருக்கிறது. அதுவும் 24 மணி நேரம். பூச்சு மேஸ்திரி அடுத்த திங்கள்தான் வருகிறார்.

தொடங்கும் முன்

கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்துக்கொள்ளுங்கள். வேலைகள் எல்லாம் 'ஆட்டோ ஷெட்யூல்' முறையில் இருக்கட்டும். 'மேனுவல்' முறையில் இருக்கும் வேலை, முந்தைய வேலை தள்ளிப்போனாலும் தன் தேதியை மாற்றிக்கொள்ளாமல் அப்படியே நிற்கும். பிறகு 'புராஜெக்ட்' தாவலில் 'சேஞ்ச் வொர்க்கிங் டைம்' திறந்து சனிக்கிழமையை வேலை நாளாக்குங்கள். மென்பொருளோடு வரும் காலண்டர் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை நாள் என்று வைத்திருக்கிறது. நம் ஊர்க் கட்டடங்களில் சனிக்கிழமையும் வேலை உண்டு. இந்த ஒரு நாள் பின்னால் கணக்கையே மாற்றும்.

படி 1: மோதல் எங்கே, எவ்வளவு?

'வியூ' தாவலில் 'ரிசோர்ஸ் யூசேஜ்' காட்சிக்குப் போங்கள். இடப்பக்கம் ஆட்களும் அவர்களுடைய வேலைகளும், வலப்பக்கம் நாள்வாரியாக மணிக்கணக்கும் இருக்கும். எலெக்ட்ரீஷியன் வரிசையில் திங்கள், செவ்வாய், புதன் மூன்றிலும் 16 மணி என்று சிவப்பில் தெரியும். வலப்பக்கத்தில் ரைட் கிளிக் செய்து 'ஓவர்அலகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், மீறிய 8 மணி நேரம் தனி வரியாக வரும். அதே பட்டியலில் உள்ள 'ரிமெயினிங் அவைலபிலிட்டி' யாருக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று சொல்லும். வேலையை யாரிடம் மாற்றுவது என்று யோசிக்கும்போது அது கைகொடுக்கும்.

படி 2: பொய்ச் சிவப்பைக் களையுங்கள்

சிவப்பு தெரிவதெல்லாம் உண்மையான மோதல் அல்ல. மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, 'ரிசோர்ஸ் ஷீட்' காட்சியில் உள்ள 'மேக்ஸ் யூனிட்ஸ்'. 'கொத்தனார்கள்' என்று ஒரே வரியில் எழுதி, 100% என்றே விட்டிருந்தால் மென்பொருள் அதை ஒரே ஆளாகத்தான் எண்ணும். மூன்று பேர் என்றால் 300% என்று போட வேண்டும். இந்த ஒரு திருத்தத்திலேயே பாதிச் சிவப்பு மறைந்துவிடுவதும் உண்டு.

இரண்டாவது, தலைப்பு வேலை. 'மின்வேலை' என்ற தலைப்பு வரியிலும் எலெக்ட்ரீஷியனைப் போட்டு, அதன் கீழ் உள்ள சிறு வேலைகளிலும் போட்டிருந்தால் அவர் இரண்டு முறை கணக்கில் வருவார். தலைப்பு வரியிலிருந்து நீக்குங்கள்.

மூன்றாவதுதான் பலரைக் குழப்புவது. நாளின் மொத்தம் சரியாக 8 மணி, ஆனாலும் சிவப்பு. நான்கு மணி நேர வேலைகள் இரண்டும் காலை 8 மணிக்கே தொடங்கினால் இப்படித்தான் ஆகும்: காலையில் 200%, மதியத்துக்கு மேல் சும்மா. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இணைத்துவிட்டால் தீர்ந்தது. அந்த நேரத்தை அவரே பார்த்துக்கொள்வார் என்றால், வேலையின் மேல் ரைட் கிளிக் செய்து 'இக்னோர் பிராப்ளம்ஸ்' என்று விட்டுவிடலாம். அதில் தவறில்லை.

படி 3: எதைத் தள்ளலாம்?

நம் எலெக்ட்ரீஷியனுடையது உண்மையான மோதல். இரண்டில் எது நகரும்? கூரைக் குழாய் நகராது. கம்பி கட்டிய பிறகு, கான்கிரீட் போடும் முன் அது முடிந்தாக வேண்டும். எனவே அந்த வேலையைத் திறந்து 'பிரையாரிட்டி' எண்ணை 1000 ஆக்குங்கள். இயல்பாக எல்லா வேலைக்கும் 500 இருக்கும். 1000 போட்ட வேலையை லெவலிங், அதாவது மென்பொருள் தானாகத் தேதிகளைத் தள்ளுவது, தொடாது.

காடி வெட்டுவது பூச்சுக்கு முன் முடிந்தால் போதும். அந்த வேலையின் மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஷெட்யூல் டு அவைலபிள் டேட்' கொடுங்கள். அது வியாழன், வெள்ளி, சனி என்று போய் அமர்ந்துகொள்ளும். சனிக்கிழமையை வேலை நாளாக்காமல் விட்டிருந்தால் மூன்றாம் நாள் திங்களில் விழுந்து, பூச்சையும் ஒரு நாள் தள்ளியிருக்கும்.

திரையில் சிவப்பு போய்விட்டது. ஆனால் வியாழக்கிழமை கான்கிரீட் கொட்டும்போது குழாய் நசுங்காமலும் விலகாமலும் பார்க்க எலெக்ட்ரீஷியன் மேலே நிற்பது வழக்கம். அட்டவணையில் அப்படி ஒரு வேலையே இல்லை. அதையும் ஒரு வரியாகச் சேர்த்து, 1000 கொடுத்துப் பாருங்கள்: வியாழக்கிழமை மீண்டும் சிவக்கும். இனித் தள்ளினால் பூச்சு மேஸ்திரி வந்து நிற்பார், சுவர் தயாராக இருக்காது. வேறு ஆள் வேண்டும்.

படி 4: ஆளை மாற்றுதல்

காடி வெட்டும் வேலையைத் தேர்ந்தெடுத்து, 'ரிசோர்ஸ்' தாவலில் 'அசைன் ரிசோர்சஸ்' திறங்கள். பழைய ஆளின் பெயரைச் சொடுக்கி, 'ரீப்ளேஸ்' அழுத்தி, இரண்டாவது எலெக்ட்ரீஷியனைத் தேர்ந்தெடுங்கள். அவரைச் சேர்த்துவிட்டுப் பிறகு முன்னவரை நீக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், இடையில் வேலை மணியோ நாட்களோ மாறிவிட வாய்ப்பு இருக்கிறது. ரீப்ளேஸ் 24 மணி நேரத்தை அப்படியே கைமாற்றும். மாற்றிய பின் புதியவரின் வரிசையையும் ஒரு பார்வை பாருங்கள், சிவப்பு அங்கே குடிபெயர்ந்திருக்கலாம்.

கூரை வேலையை இரண்டாமவருக்குக் கொடுத்தாலும் கணக்கு சரியாகத்தான் வரும். நான் கொடுக்க மாட்டேன். எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்பது பதித்தவருக்குத்தான் தெரியும். நாளை ஒயர் இழுக்கும்போது அவர் வேண்டும்.

புரொஃபெஷனல் பதிப்பு இருந்தால் 'டீம் பிளானர்' இன்னும் எளிது. வேலைப் பட்டையைப் பிடித்து ஒருவர் வரிசையிலிருந்து இன்னொருவர் வரிசைக்கு இழுத்தால் போதும். நேர் கீழே இழுங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் தேதியும் மாறிவிடும்.

பாதியில் நிற்கும் வேலையென்றால் கொஞ்சம் பொறுமை தேவை. முதலாமவர் 8 மணி நேரம் முடித்திருக்கிறார் என்றால், 'டாஸ்க் யூசேஜ்' காட்சியில் அவருடைய 'ரிமெயினிங் வொர்க்' கட்டத்தை 0 ஆக்கி, புதியவரைச் சேர்த்து, அவர் வரியில் 16 மணி கொடுங்கள். புதியவரின் தொடக்கத் தேதி வேலையின் முதல் நாளிலேயே நின்றால் அதையும் திருத்துங்கள்.

படி 5: இப்போது லெவலிங்

மீதி இருக்கும் சில்லறை மோதல்களுக்கு மட்டும் இதை விடுங்கள். 'லெவலிங் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'ஆட்டோமேட்டிக்' தேர்வாகியிருந்தால் 'மேனுவல்' ஆக்குங்கள். 'லெவல் ஒன்லி விதின் அவைலபிள் ஸ்லாக்' (கையில் இருக்கும் உபரி நாட்களுக்குள் மட்டும் தள்ளு) என்பதை டிக் செய்தால் திட்டத்தின் முடிவுத் தேதி நகராது. பிறகு 'லெவல் ரிசோர்ஸ்' கொடுத்து ஒரு ஆளை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'லெவலிங் கான்ட்' காட்சியில் முன்பிருந்த தேதியும் இப்போதைய தேதியும் அடுத்தடுத்த பட்டைகளாகத் தெரியும்.

பிடிக்கவில்லை என்றால் 'கிளியர் லெவலிங்'. லெவலிங் சேர்த்த தாமதத்தை மட்டும்தான் அது நீக்கும். ரீப்ளேஸ் செய்த ஆள் திரும்ப வரமாட்டார். அதற்குத்தான் அந்தப் பிரதி.