தனியாக வீட்டுக் கடன் கேட்டாலும் துணைவரின் கிரெடிட் ரிப்போர்ட் எதற்கு?

அமெரிக்காவில் கணவரோ மனைவியோ ஒருவர் மட்டும் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, மற்றவரின் கிரெடிட் ரிப்போர்ட்டையும் (கடன் வரலாற்று அறிக்கை) லெண்டர், அதாவது கடன் தரும் நிறுவனம், கேட்பதுண்டு. கேட்டதும் பதற வேண்டாம். எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடவும் வேண்டாம்.

1. மாநிலத்தைப் பாருங்கள். அரிசோனா, கலிஃபோர்னியா, ஐடஹோ, லூசியானா, நெவாடா, நியூ மெக்சிகோ, டெக்சஸ், வாஷிங்டன், விஸ்கான்சின். இந்த 9 மாநிலங்களும் 'கம்யூனிட்டி பிராப்பர்ட்டி' மாநிலங்கள். திருமணத்துக்குப் பிறகு சம்பாதிப்பது பொதுவாக இருவருக்கும் சொந்தம். கடனும் பெரும்பாலும் அப்படித்தான். நீங்கள் குடியிருக்கும் இடமோ வாங்கும் வீடோ இவற்றில் ஒன்றில் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

2. கடன் வகையைக் கேளுங்கள். எஃப்.எச்.ஏ கடனில் (அரசு காப்பீடு தரும் வீட்டுக் கடன்), இந்த மாநிலங்களில் துணைவரின் கடன்களையும் உங்கள் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அதற்குத்தான் ரிப்போர்ட். அவருடைய கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுவதற்கான மதிப்பெண்) மோசம் என்று உங்களை நிராகரிக்க முடியாது. கடன் தொகைதான் விஷயம். அரசு காப்பீடு இல்லாத வழக்கமான கன்வென்ஷனல் கடனில் இந்தக் கட்டாயம் இல்லை. எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு 2025 மே கடைசியிலிருந்து எஃப்.எச்.ஏ கிடையாது என்பதால், நம்மவர்களில் பலருக்குக் கன்வென்ஷனல்தான் வழி.

3. கணக்கைப் போடுங்கள். உங்கள் சம்பளம் மாதம் 8,000 டாலர், வீட்டுத் தவணை 2,600, கார் தவணை 400 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,000, அதாவது சம்பளத்தில் 37.5%. மனைவியின் படிப்புக் கடனும் கார்டு தவணையும் 600 டாலர் சேர்ந்தால் 45%. எஃப்.எச்.ஏ கோப்பைக் கணினி இல்லாமல் ஆள் வைத்துப் பரிசீலிக்கும்போது சாதாரண வரம்பு 43%. கொடுமை என்னவென்றால், அவர் கடன் கணக்கில் வரும், சம்பளம் வராது. சம்பளமும் வர வேண்டுமானால் அவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அப்போது ஸ்கோரையும் பார்ப்பார்கள்.

4. ரிப்போர்ட்டை முன்கூட்டியே எடுங்கள். ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட்.காம் தளத்தில் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் நிறுவனங்களின் அறிக்கையும் வாரம் ஒருமுறை இலவசம். துணைவரே தன்னுடையதை எடுக்கட்டும். அடைத்து முடித்த கடன் இன்னும் பாக்கியாகத் தெரிந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

5. கையெழுத்துக்கு முன் தாளைப் படியுங்கள். பலரும் குழம்புவது இங்கேதான். ரிப்போர்ட் எடுக்கத் தரும் சம்மதம் வெறும் அனுமதி; அதனால் யாரும் கடனாளி ஆவதில்லை. வீட்டை ஈடாக வைக்கும் டீட் ஆஃப் டிரஸ்ட் அல்லது மார்ட்கேஜ் பத்திரத்தில் துணைவரின் கையெழுத்தைக் கேட்பதும் நியாயமே. கலிஃபோர்னியாவில் இருவருக்கும் பொதுவான வீட்டை அடமானம் வைக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். ஆனால் 'நோட்' எனப்படும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், திருப்பிக் கட்டும் பொறுப்பு அவருக்கும் வந்துவிடும். நீங்கள் தனியாகவே தகுதி பெற்றிருக்கும்போது அதைக் கட்டாயப்படுத்த 1974-இன் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அப்படியும் கேட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.