வினிகரைப் பத்து மடங்கு கரைத்தால் பிஎச் எவ்வளவு ஏறும்?

தேவையானவை: 5 சதவீத வெள்ளை வினிகர், 10 மி.லி. சிரிஞ்ச், அளவுக்குவளை, நான்கு கண்ணாடி டம்ளர், பேனா வடிவ பிஎச் மீட்டர் (பிஎச் என்பது அமிலத்தன்மையின் எண்; எண் குறைந்தால் அமிலம் அதிகம்), பேட்டரி வாட்டர் (உப்புகள் நீக்கிய நீர்). கடையில் ‘பேட்டரி வாட்டர்’ என்று அழுத்திக் கேளுங்கள். பேட்டரி ஆசிட் வேறு, அது கந்தக அமிலம்.

முதலில் மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். கூட வரும், கரைத்தால் பிஎச் 6.86, 4.00 என்று நிலையாக நிற்கும் பொடிகளை பாக்கெட்டில் சொன்ன அளவு பேட்டரி வாட்டரில் கரைத்து, அதே வரிசையில் வைத்துத் திருத்துங்கள். வேலூர் வெயிலில் ஒரு டம்ளர் ஜன்னலோரம், இன்னொன்று நிழலில் என்று வைக்காதீர்கள். எல்லாம் ஒரே சூட்டில் இருக்கட்டும்.

முதல் டம்ளரில் 50 மி.லி. வினிகர். அதிலிருந்து 10 மி.லி. எடுத்து இரண்டாவதில் விட்டு, 90 மி.லி. பேட்டரி வாட்டர் சேர்த்துக் கலக்குங்கள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு, மூன்றாவதிலிருந்து நான்காவதற்கு இதேபோல. ஒவ்வொரு முறையும் சிரிஞ்சைக் கழுவுங்கள். அளக்கும்போது நான்காவதில் தொடங்கி முதலாவதுக்கு வாருங்கள். மீட்டர் முனையில் ஒட்டிய துளி கணக்கைக் கெடுக்காது.

முதலாவதில் சுமார் 2.4, பிறகு 2.9, 3.4, கடைசியில் 3.9 அல்லது 4.0 வரும். பத்து மடங்கு கரைத்தும் அரை எண்தான் ஏறுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் 0.1 மோலாருக்கு (மோலார் என்பது லிட்டரில் எவ்வளவு அமிலம் என்பதன் அளவு) 1, 0.01 மோலாருக்கு 2 என்று முழு எண் ஏறும். பிஎச் கணக்கெடுப்பது பிரிந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளை மட்டுமே. ஹைட்ரோகுளோரிக் முழுக்கப் பிரிந்துவிடும். முதல் டம்ளர் வினிகரிலோ அதன் அமிலமான அசிட்டிக் அமிலத்தின் ஆயிரம் மூலக்கூறில் ஐந்துதான் பிரிந்திருக்கும். நான்காவதில் நூற்றுக்கு 13. கரைக்கக் கரைக்கப் புதிதாகப் பிரிவதால் இழப்பு ஓரளவு ஈடாகிறது.

வாளியில் வெள்ளைக் கறை படியும் போர் தண்ணீரில் செய்தால் எண்கள் தாறுமாறாகும். லிட்டருக்கு 300 மி.கி. காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) உள்ள நீர் லிட்டருக்கு 6 மில்லிமோல் (மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அமிலத்தை விழுங்கிவிடும். நான்காவது டம்ளரில் உள்ள அமிலமே லிட்டருக்கு 0.83 மில்லிமோல்தான். மீட்டர் 7-ஐத் தாண்டி நிற்கும். மீட்டர் மேல் தப்பில்லை.

ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளில் தோலைப் பதப்படுத்தக் குரோம் உப்பு ஏற்றும் முன், தோலை உப்பு, அமில நீரில் சுழற்றும் பிக்கிள் டிரம்மிலும் பிஎச் கணக்குதான். அமிலத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, தவணை தவணையாக ஊற்றி 2.8 முதல் 3.0-க்குக் கொண்டுவருவார்கள். ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிறகு தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டுவாயில் புரோமோகிரெசால் கிரீன் (பிஎச்சைப் பொறுத்து நிறம் மாறும் சாயம்) ஒரு சொட்டு. முழுக்க மஞ்சளானால் உள்ளேயும் 3.8-க்குக் கீழே வந்துவிட்டது. நடுவில் நீலக்கோடு தெரிந்தால், டிரம் தண்ணீர் 3 காட்டினாலும் டிரம் இன்னும் ஓடத்தான் வேண்டும்.