டபுள் பிராம் வாங்கப் போகிறீர்களா? முதலில் லிஃப்டை அளந்துவிடுங்கள்

எங்கள் வீட்டில் பெரியவனுக்கும் சின்னவளுக்கும் நான்கு நிமிடம்தான் வித்தியாசம். இரண்டு பேரும் பிறந்து இருபதாவது நாள் நான் ஒரு டபுள் பிராம், அதாவது இரண்டு குழந்தைகளையும் வைத்துத் தள்ளும் வண்டி, ஆர்டர் செய்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட், சாம்பல் நிறம், பார்க்க அழகு. அகலம் 76 செ.மீ. என்று போட்டிருந்தது. எங்கள் லிஃப்ட் கதவு 80 என்று எனக்கு ஒரு நினைப்பு. வண்டி வந்த அன்று மாலை அது கதவில் சிக்கிக்கொண்டு நின்றது. உள்ளே குழந்தைகள், வெளியே நான், லிஃப்ட் விடாமல் கத்துகிறது. வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்து பின்பக்கத்தைத் தூக்கி வெளியே இழுத்தார். அப்புறம் அளந்தால் லிஃப்ட் கதவு முழுதாகத் திறந்தும் 77தான். வண்டியின் பின் சக்கரங்கள் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு 78. விளம்பரத்தில் இருந்த 76 சீட் சட்டத்தின் அகலம் போலிருக்கிறது. 14,500 ரூபாய் கொடுத்து வாங்கியதை 8,000க்குத் தள்ளிவிட்டோம்.

அதனால் இந்தப் பதிவில் நிறம், கப் ஹோல்டர் எல்லாம் கடைசியில்கூட வராது. சென்னை மாதிரி ஊரில், அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: அளவெடுங்கள்

தையல் டேப் போதும். லிஃப்ட் கதவை முழுதாகத் திறக்கவிட்டு, கதவின் உள்விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளக்க வேண்டும். சட்டத்தை அளந்தால் ஏமாந்துபோவீர்கள். அடுத்து லிஃப்டுக்குள்ளே அகலம், ஆழம் இரண்டும்.

நம் ஊர் குடியிருப்புகளில் 6 பேர் லிஃப்ட், 8 பேர் லிஃப்ட் இரண்டும் சகஜம். உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் 408 கிலோ என்றால் 6 பேர், 544 என்றால் 8 பேர். ஆளுக்கு 68 கிலோ கணக்கு. 6 பேர் லிஃப்டில் கதவு வழக்கமாக 70 செ.மீ., உள்ளே அகலம் 110, ஆழம் 100. 8 பேர் லிஃப்டில் கதவு 80, உள்ளே 130க்கு 110. இதெல்லாம் காகிதக் கணக்கு. உங்கள் லிஃப்ட் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

இனி வண்டியின் பக்கம். சீட்டுகள் அருகருகே இருக்கும் வண்டி பெரும்பாலும் 70 முதல் 80 செ.மீ. அகலம் இருக்கும். முன்னும் பின்னுமாக சீட் வைத்த வண்டியை டேன்டம் என்பார்கள். அது 60, 65 செ.மீ.தான் அகலம், ஆனால் நீளம் 100ஐத் தாண்டி 120 வரை போகும். அதாவது டேன்டம் கதவில் சுலபமாக நுழையும். நுழைந்த பிறகு பின்னால் கதவு மூடாது. அருகருகே வண்டிக்கு உள்ளே இடம் இருக்கும், கதவுதான் விடாது. கடைக்காரர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்.

அளவு எண்களை வைத்துக்கொண்டு கற்பனை செய்வதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பிடித்த வண்டியின் நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாள்களை செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். அதை லிஃப்ட் தரையில் விரித்து, மிதிக்காமல் நிற்க இடம் இருக்கிறதா பாருங்கள். நான் இரண்டாவது வண்டிக்கு முன் இதைச் செய்தபோது மூன்றாம் மாடி மாமி, “என்னப்பா, லிஃப்டுக்குள்ள கோலமா?” என்று கேட்டார். அந்தக் கோலம்தான் எங்களைக் காப்பாற்றியது. 73க்கு 92 தாளை விரித்தபோது பின்னால் நிற்க இடமில்லை, ஆனால் பக்கவாட்டில் தாராளமாக நிற்க முடிந்தது. அந்த அளவில்தான் வாங்கினோம். கதவில் இரண்டு பக்கமும் ஒரு விரல் தடிமன் இடைவெளி.

6 பேர் லிஃப்ட் உள்ளவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான டபுள் பிராம் உங்களுக்கு ஒத்துவராது. எடை குறைந்த ஒற்றை ஸ்ட்ரோலர் இரண்டு வாங்கி, சேர்க்கும் கிளிப் போட்டுக்கொண்டு, லிஃப்ட் வந்தால் பிரித்துக்கொள்ளலாம். ஒரு குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு மற்றதை ஒற்றை வண்டியில் தள்ளுவதும் நடக்கிற காரியம்தான்.

லிஃப்ட் முடிந்தால் கார் டிக்கி. எத்தனை லிட்டர் என்பதைவிட டிக்கி வாயின் அகலம்தான் முக்கியம். சிஎன்ஜி சிலிண்டர் வைத்த வண்டி என்றால் டிக்கியில் மடித்து வைக்கும் ஆசையையே விட்டுவிடுங்கள்.

படி 2: வயதுக்கு ஏற்ற சீட்

பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. சாய்ந்து உட்காரும் சீட்டில் தலை முன்னால் சரிந்தால் மூச்சுக்குழாய் மடங்கும். எனவே ஏறக்குறைய ஆறு மாதம் வரை சீட் கிட்டத்தட்டப் படுக்கை போல விரிய வேண்டும்; 150 டிகிரிக்குக் குறையக் கூடாது. இரட்டையர் பலர் நாள் நிறையும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். அப்படியானால் பிறந்த தேதியை விட்டு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள். உட்காரவைப்பது பற்றிக் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரட்டையர் என்றால் இரண்டு சீட்டும் முழுதாக விரிய வேண்டும். சில டேன்டம் வண்டிகளில் பின் சீட் மட்டுமே விரியும். அப்போது முன்னால் யாரைப் படுக்க வைப்பீர்கள்?

அண்ணன் தங்கை, அக்கா தம்பி என்றால் கணக்கு வேறு. ஒன்றரை வயது இடைவெளிக்கு டேன்டம் நன்றாகவே ஒத்துவரும்; கைக்குழந்தை விரியும் சீட்டில், மூத்தது மற்றதில். இடைவெளி இரண்டரை வயதுக்கு மேல் என்றால் டபுள் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று மாதத்தில் மூத்தது “நான் நடக்கிறேன்” என்று இறங்கிவிடும். அப்புறம் காலி சீட்டைத் தள்ளிக்கொண்டு நீங்கள்தான் அலைய வேண்டும்.

படி 3: எடை

வெறும் வண்டியே 10 முதல் 17 கிலோ வரை இருக்கும். ஒரு வயதில் குழந்தை ஒன்று சுமார் 9 கிலோ. 13 கிலோ வண்டியோடு இரண்டு பேரும் பையும் சேர்ந்தால் 34 கிலோ கையில். மாடிப்படி, வாசல் படி உள்ள வீட்டில் இதை யார் தூக்குவது என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். சீட் ஒன்றுக்கு எத்தனை கிலோ தாங்கும் என்பதும் முக்கியம். இறக்குமதி வண்டிகளில் ஈஎன் 1888 என்ற ஐரோப்பியத் தரக் குறி இருக்கும். அதன் முதல் பகுதி 15 கிலோ வரைக்கும், இரண்டாம் பகுதி 22 கிலோ வரைக்கும்.

படி 4: கடையில் சோதனை

கடைக்குப் போகும்போது 5 கிலோ அரிசிப் பை இரண்டு கொண்டுபோங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வெறும் வண்டி எல்லாமே வெண்ணெய் மாதிரி ஓடும்.

இரண்டு பையையும் ஒரே சீட்டில் வைத்து, மற்றதைக் காலியாக விட்டு ஒரு கையால் தள்ளுங்கள். அருகருகே வண்டி எடை உள்ள பக்கம் இழுக்கும். கொஞ்சம் இழுத்தால் பரவாயில்லை, மணிக்கட்டு வலிக்கிற அளவுக்கு இழுத்தால் வேண்டாம். டேன்டம் என்றால் பைகளை முன் சீட்டில் வைத்து, கைப்பிடியை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். நம் நடைபாதைகளில் பத்தடிக்கு ஒரு தடவை இதைத்தான் செய்யப் போகிறீர்கள். சக்கரம் சின்னதாக இருந்தால் பேவர் கல் இடுக்கில் மாட்டும். காற்றடிக்கும் பெரிய டயர் சுகமாக ஓடும், ஆனால் பஞ்சர் ஆகும். நான் பஞ்சராகாத ஃபோம் டயருக்கு ஓட்டுப் போடுவேன்.

பிரேக்கை ஒரே மிதியில் போட்டதும் பின் சக்கரங்கள் இரண்டும் நிற்க வேண்டும். பெல்ட் தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, தொடை நடுவில் ஒன்று என ஐந்து முனை. பிறகு பைகளை எடுத்துவிட்டு, ஒரு பையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் வண்டியை மடியுங்கள். “ஒரு கையால் மடிக்கலாம்” என்ற பேச்சில் பாதி அங்கேயே காணாமல் போகும்.

மடிக்கும்போது கீல் பக்கம் பாருங்கள். 2009ல் மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய பத்து லட்சம் ஸ்ட்ரோலர்களைத் திரும்ப அழைத்தது. கீலில் விரல் மாட்டி, விரல் நுனி துண்டானதாக 12 புகார்கள் வந்திருந்தன. கீலுக்கு மூடி இல்லாத வண்டி வேண்டாம். மூடி இருந்தாலும், மடிக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தைகள் எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

படி 5: வெயில்

மேல்கூரை ஒவ்வொரு சீட்டுக்கும் தனியாக இருந்தால் ஒருவர் தூங்க, மற்றவர் வேடிக்கை பார்க்கலாம். முதுகுப் பக்கம் வலை வைத்த வண்டியாகப் பாருங்கள். வெயில் படுகிறதே என்று துப்பட்டாவை மேலே போர்த்தி மூடாதீர்கள். மெல்லிய துணி என்றாலும் உள்ளே காற்று நின்று சூடு ஏறிவிடும், குழந்தையின் முகமும் தெரியாது. என் அம்மா இதை ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது. ஒரு நாள் மூடிய துணிக்குள் அவர் கையையே விட்டுப் பார்க்கச் சொன்னேன். அன்றோடு துப்பட்டா கொடிக்குப் போய்விட்டது.

படி 6: பழைய வண்டி

எங்கள் இரண்டாவது வண்டி பழையதுதான். இரட்டையர் வளர்ந்த வீடுகளில் நல்ல வண்டிகள் சும்மா நிற்கும். பார்க்க வேண்டியவை: பிரேக் பிடிக்கிறதா, விரித்ததும் பூட்டு சத்தத்தோடு விழுகிறதா, பெல்ட் தையல் பிரிந்திருக்கிறதா, சக்கரத்தை ஆட்டினால் ஆடுகிறதா. கடற்கரைப் பக்கத்து வீடு என்றால் திருகாணிகளில் துரு.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

புது வண்டி என்றால் சக்கரத்தில் சுற்றிய பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல் லிஃப்ட் வரை தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். நுழையவில்லை என்றால் அன்றே திருப்பி அனுப்பிவிடலாம். நான் பிரித்துப் போட்டதால்தான் 6,500 ரூபாய் போனது. காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டாதீர்கள். ஒரு குழந்தையை இறக்கியதும் வண்டி பின்னால் சாயும். பை கீழ்க்கூடையில் போகட்டும். லிஃப்டுக்குள்ளும் பிரேக் போடுங்கள். செய்தித்தாள் கோலத்தைத் தூக்கி எறிய வேண்டாம். நான் மடித்துப் பரண்மேல் வைத்திருக்கிறேன். அடுத்த முறை வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டுதான் போவேன்.