இலையுதிர் காலத்தில் கொங்கு மலைச் சாலைகளில் பைக் ஓட்டுவது எப்படி

அயல்நாட்டுக் காலண்டர்களில் அக்டோபர் மாதத் தாளில் பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கும்: இருபுறமும் செம்மஞ்சள் மரங்கள், நடுவே வளைந்து செல்லும் ஒரு சாலை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஐப்பசியில் கொங்கு நாட்டு மலைகளுக்கு வண்டியைக் கிளப்புபவர் மழையில் நனைந்து, பச்சையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். குளிர்நாடுகளில் பகல் குறுகிக் குளிர் கூடும்போது மரங்கள் இலையைக் கழிக்கின்றன. நம் மலைகளின் மரங்களோ மண்ணில் ஈரம் வற்றும்போது கழிக்கின்றன. ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் நமக்கு இலையுதிர் காலம் வருகிறது. மார்கழியில் தேக்கின் இலை பழுக்கத் தொடங்கும். தை பிற்பாதியிலும் மாசியிலும் காடு முழுவதும் நிறம் மாறும். பங்குனியில் பாதி மரங்கள் மொட்டையாக நிற்க, மீதிப் பாதியில் தளிர் வந்துவிடும்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் மாசி முதல் இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுக்கலாம். இலையில் பச்சையம் சிதையும்போது, அதற்கடியில் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. வெக்காளி போன்ற சில மரங்களில் அது செம்புச் சிவப்பு வரை போகும். இலையே இல்லாத இலவமரம் அந்தச் சமயத்தில் சிவப்புப் பூவோடு நிற்கும். மாசிக் கடைசியில் பூவமரம் செக்கச் செவேலென்று தளிர்க்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர் அதை உதிரப்போகும் இலை என்றே எண்ணுவார். பிற நாடுகளில் சிவப்பு என்றால் இலையின் முடிவு. நம் காட்டில் பாதிச் சிவப்பு இலையின் பிறப்பு என்பதால், எனக்கு நம்முடைய இலையுதிர் காலமே ஒரு படி மேல்.

முதல் பயணத்துக்குத் திம்பம் மலைப்பாதையையே சொல்வேன். கோவையிலிருந்து சத்தியமங்கலம் 70 கிலோமீட்டர் அளவு. அங்கேயே பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, டயரில் காற்றையும் பார்த்துவிட வேண்டும். அங்கிருந்து பண்ணாரி மாரியம்மன் கோயிலைத் தாண்டினால் சோதனைச் சாவடி. அதற்கப்பால் 27 கொண்டை ஊசி வளைவுகள். இது 2013இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் பாதை. பண்ணாரிக்கும் கர்நாடக எல்லையருகே உள்ள காரப்பள்ளத்துக்கும் இடையே இரவுப் போக்குவரத்தை 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. எனவே விடிந்த பிறகு ஏறி, இருட்டும் முன் இறங்கிவிடும்படி நாளைத் திட்டமிடுங்கள். பங்குனியில் பண்ணாரி குண்டம் திருவிழா நடக்கும் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் அந்தச் சாலை பக்தர்களுடையது.

காட்டுக்குள் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். உண்மையில் இந்தப் பயணத்தின் நுட்பமே அதில்தான் இருக்கிறது. நின்று பார்க்க முடியாதென்றால், ஓட்டுகிற வேகத்தையே பார்க்கிற வேகமாக மாற்றிக்கொள்ள வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், வளைவில் சாலையை மட்டும் பார்த்து, நேரான துண்டில் மட்டும் கண்ணை மரத்துக்குக் கொடுத்தால், திம்பத்தைத் தாண்டி ஆசனூர் வரும்வரை காடு தானாகவே பக்கம் பக்கமாகப் புரண்டுகொண்டு வரும். சூரியன் இருக்கும் பக்கத்து மரங்களைப் பாருங்கள். வெயில் இலையின் மேல் விழுவதைவிட இலையின் ஊடே வரும்போதுதான் மஞ்சள் எரியும். ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் இருந்தால் அந்த வெளிச்சம் முழுவதும் கூச்சமாகிவிடும் என்பதால், பழைய கண்ணாடியை மாற்றிவிடுவது நல்லது.

அழகாகத் தெரியும் சருகுதான் இரு சக்கர வண்டிக்கு முதல் எதிரி. காலைப் பனியில் நனைந்த சருகு எண்ணெய் தடவிய தளத்தைப் போல வழுக்கும். காய்ந்த சருகோ தனக்கடியில் உள்ள ஜல்லியை மறைத்துவிடும். காற்று அவற்றை வளைவின் உள் ஓரத்தில், அதாவது நாம் சாய்ந்து திரும்பும் அதே இடத்தில், குவித்து வைத்திருக்கும். வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போது பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சருகின் மேல் முன் பிரேக்கைத் தொடக்கூடாது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விடுங்கள். கிளட்சை அழுத்திக்கொண்டோ, பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டோ இறங்குவது, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் இடத்தில்தான் முடியும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். கொண்டை ஊசியில் நீண்ட லாரி எதிர்ப்பட்டால், அது முழுவதும் திரும்பி முடிக்கும்வரை வளைவுக்கு முன்பே காத்திருங்கள்.

கரும்பு லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். அந்தச் சாலையில் யானைகள் கரும்புக்காக லாரியை மறிப்பது வாடிக்கை. யானை நின்றால் தொலைவிலேயே நின்றுகொண்டு, எஞ்சினை அணைக்காமல், ஹாரன் அடிக்காமல், அது தானாக விலகும்வரை பொறுத்திருப்பதுதான் வழி. கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கும் ஆசை அப்போதுதான் எல்லோருக்கும் வரும். வந்தாலும் கை ஹேண்டில்பாரிலேயே இருக்கட்டும்.

இன்னும் அமைதியான பாதை வேண்டுவோர் அந்தியூரிலிருந்து வரட்டுப்பள்ளம் அணை வழியாகத் தாமரைக்கரை, பர்கூர் வரை போகலாம். வண்டிகள் குறைவு, காடு இன்னும் வறண்டது, ஆகவே நிறமும் அடர்த்தி. அங்கே மேய்ந்து திரியும் பர்கூர் செம்மறை மாடுகளைக் கவனியுங்கள்: செம்பழுப்பு உடலில் வெள்ளைத் திட்டுகள். இலை உதிர்ந்த வெளிறிய மரங்களுக்கும் சருகுக்கும் இடையே மாடு நிற்பது, அது அசையும்வரை கண்ணுக்குத் தெரியாது. பஞ்சர் ஒட்டும் பெட்டியும் காற்றடிக்கும் சிறு பம்பும் இல்லாமல் இந்தப் பக்கம் போகக்கூடாது. உதவிக்கு அழைக்கலாம் என்றால் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது.

வால்பாறையைப் பலரும் கேட்பார்கள். ஆழியாரிலிருந்து ஏறும் 40 வளைவுகளும் அருமைதான், ஆனால் மேலே தேயிலையும் சோலைக்காடும் ஆண்டு முழுவதும் பச்சை. இலை நிறத்துக்காக அங்கே போக வேண்டியதில்லை.

மலை ஏறத் துணியாதவர்க்குச் சமவெளியிலும் ஒரு காட்சி உண்டு. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிகள் இலையெல்லாம் கொட்டி முள்ளும் தண்டுமாக நிற்க, நடுவே வெள்வேல மரங்களும் காய்ந்து பொன்னிறமான கொழுக்கட்டைப் புல்லும் இருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல், கிராமச் சாலைகளில், மூன்றாம் கியரில் போகலாம். அங்கே நிறுத்துவதற்கும் தடையில்லை.

நிறுத்தும்போது சருகின் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்போரம் தேக்குச் சருகில் வண்டியைச் சாய்த்துவிட்டு இளநீர் குடிக்கப் போனேன். பாதி குடிப்பதற்குள் புகை வாடை. சைலன்சரில் ஒட்டிய இரண்டு இலைகள் கருகி, ஓரத்தில் கனலத் தொடங்கியிருந்தன. இளநீரின் மீதிப் பாதியை அதன் மேல் ஊற்றி அணைத்தேன். கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. காடு முழுவதும் காய்ந்திருக்கும் மாசி பங்குனியில் அந்த இரண்டு இலைகளே போதும்.

உடைக்குப் பெரிய செலவு வேண்டாம். விடியற்காலையில் மலைமேல் பனி, நண்பகலில் அடிவாரத்தில் வெயில் என்பதால், கழற்றி மடிக்கக்கூடிய ஜெர்கின் போதும். அதுவும் இல்லாதவர் சட்டைக்குள் நெஞ்சின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்துக்கொள்ளலாம். கேலியாகத் தோன்றும், ஆனால் காற்று புகாது. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

வீடு திரும்பிய மறுநாள் காலையில் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் துடுப்புகளின் இடையே சிக்கிய சருகுத் துண்டுகளைப் பழைய பல்துலக்கியால் தள்ளி எடுங்கள். அப்படியே விட்டால் அடுத்த நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகும்.