பழைய சுவரில் கை வைக்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கட்டட மராமத்து கற்க வருகிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆள் மாறுகிறார்கள், தவறு மாறுவதில்லை. முக்கால்வாசி நானும் ஒரு காலத்தில் செய்தவைதான் என்பதால், கரணையைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தாலே அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிடும். கையுறை போடு, சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணைக் காப்பாற்று, சாரத்தில் ஏறுமுன் கட்டுகளை இழுத்துப் பார் என்பதையெல்லாம் எந்த மேஸ்திரியும் முதல் நாளே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். சொன்னாலும் காதில் ஏறாதவை மட்டும் இங்கே.

ஒரு கை சிமெண்ட்

சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகும். புதிதாகக் கற்பவர் மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக, செங்கற்களுக்கு நடுவே நேற்று சாந்து அடைத்த சந்தை நகத்தால் கீறிப் பார்ப்பார். கோடு விழும். உடனே பயம் வந்துவிடும். அடுத்த கலவை போடும்போது, யாரும் கவனிக்காத நேரத்தில் அதில் ஒரு கை சிமெண்ட் விழும். கேட்டால், "கொஞ்சம்தானே அண்ணே, சீக்கிரம் பிடிச்சுக்கும்" என்பார்கள். பிடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. கோளாறே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொஞ்சம் போட்டால் ஒரு கேடு, நிறையப் போட்டால் வேறு கேடு. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலில் கொஞ்சம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு, மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்லக் கல்லாக மாறுகிறது. ஓர் அங்குல ஆழம் முழுக்க மாறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சிமெண்ட் தண்ணீர் பட்ட சில மணி நேரத்திலேயே இறுக ஆரம்பிக்கும். ஒரு கைப்பிடி சிமெண்டால் சந்து முழுவதையும் தாங்கும் அளவுக்குத் தொடர்ச்சியான பிடிப்பை உண்டாக்க முடியாது. ஆனால் சாந்தின் நுண்துளைகளில் அடைந்து, சுண்ணாம்புக்குப் போகவேண்டிய காற்றுக்கு அதனால் வழிமறிக்க முடியும். ஆக, சிமெண்டின் பலமும் வராது, சுண்ணாம்பின் பலமும் வராது. இங்கிலாந்தில் 1990-களின் தொடக்கத்தில் ஸ்மீட்டன் திட்டம் என்ற பெயரில் சுண்ணாம்புச் சாந்துகளை வைத்துச் சோதனைகள் நடந்தன. சுண்ணாம்போடு ஒப்பிட்டால் சொற்ப அளவே சிமெண்ட் சேர்த்த கலவைகள் பலத்திலும் உழைப்பிலும் மோசமாக இருந்ததை அங்கே கண்டார்கள். "கொஞ்சம்தானே" என்று சமாதானம் சொல்கிற அதே அளவுதான் இது.

இன்னொன்றும் நடக்கிறது. மறுநாளே சாந்து விறைப்பாக நிற்பதால், நனைத்த சாக்கைப் போர்த்துவதையும் தண்ணீர் தெளிப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள். கலவையிலுள்ள சுண்ணாம்பு ஈரமில்லாமல் பட்டினி கிடந்து பொடியாகிறது.

இனி நிறைய. பழைய செங்கல்லும் மிருதுவான கல்லும் தண்ணீரைக் குடிக்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். சுண்ணாம்புச் சந்து அந்தத் தண்ணீர் வெளியேறும் வாசல். மழையில் நனைந்த சுவரும், தரையிலிருந்து ஏறுகிற ஓதமும் அந்த வழியாகத்தான் உலர்கின்றன. ஈரத்தோடு வரும் உப்பும் சந்தில்தான் பூக்கும், உதிர்ந்தால் சந்துதான் உதிரும். சுரண்டி மறுபடி அடைத்துக்கொள்ளலாம். சந்து கல்லைவிட மென்மையாக இருக்கவேண்டும் என்று ஆசான்கள் தலைப்பாடாகச் சொல்வது இதனால்தான். தேயவேண்டியது சாந்து, காப்பாற்றவேண்டியது கல். சிமெண்டால் சந்தை அடைத்தால் வாசல் மூடிவிடுகிறது. தண்ணீர் செங்கல்லின் முகம் வழியாக வெளியேறப் பார்க்கும். உப்பு அந்த முகத்துக்குள்ளேயே படிகமாகி, ஏடு ஏடாகப் பெயர்த்துத் தள்ளும். பனி உறையும் ஊர்களில் உள்ளே நின்ற நீர் உறைந்து விரிந்து, மிச்ச வேலையை முடித்துவிடும்.

சுவர் அசையும்போதும் இதே கதைதான். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் சுவரோடு சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மயிரிழை விரிசல் விட்டாலும், கரைந்த சுண்ணாம்பு அந்த விரிசலிலேயே மறுபடி படிந்து தானே அடைத்துக்கொள்வதுண்டு. சிமெண்டில் அந்த விரிசல் அப்படியே நிற்கும். மழைநீர் அதன் வழியே உள்ளே போகும். அதே வேகத்தில் வெளியே வராது.

ஒரு வேலையில் கற்கவந்த பையன்கள் நான்கைந்து பேருக்கு ஆளுக்கொரு பகுதி பிரித்துக் கொடுத்திருந்தது. ஒருவனுடைய பகுதி மட்டும் மறுநாளே கிண்ணென்று நின்றது. வேலையை மேற்பார்வை பார்க்க வந்தவர் அதைத் தட்டிப் பார்த்து, "இப்படி இருக்கணும்" என்று மற்றவர்களிடம் காட்டினார். மற்றவர்களின் மிருதுவான சந்துகளைப் பார்த்து முகம் சுளித்தார். இரண்டு மழைக்காலம் கழித்து அந்தச் சுவரைப் பார்க்கப் போனேன். பாராட்டு வாங்கிய பகுதியில் செங்கற்கள் உள்ளே அரித்துப் போய், சாந்து மட்டும் கண்ணாடி கழன்ற ஜன்னல் சட்டம்போல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பக்கத்துப் பகுதிகளில் நகத்தால் கீறினாலும் கோடு விழவில்லை. பாராட்டியவரும் இல்லை, பாராட்டு வாங்கியவனும் இல்லை. செங்கல் போனது போனதுதான்.

என் எரிச்சல் இதில்தான். இந்தத் தவறுக்கு முதலில் கிடைப்பது பாராட்டு. தண்டனை வருவதற்குள் செய்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அதனால் செய்தவருக்குத் தான் செய்தது தவறு என்றே தெரியாமல் போய்விடுகிறது. அதையே அடுத்தவருக்கும் கற்றுக்கொடுப்பார்.

சீக்கிரம் இறுகியே ஆகவேண்டிய இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு வழி சிமெண்ட் வருவதற்கு முன்பே இருந்தது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலையும் இடித்த ஓட்டுத் தூளையும் சுண்ணாம்பில் கலந்து, தண்ணீருக்கடியிலும் இறுகும் சாந்து செய்தார்கள். எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்ட 1756-இல் இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் சோதனைகள் செய்தபோது, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் நீரிலும் இறுகும் சுண்ணாம்பு கிடைப்பதைக் கண்டார். அந்த வகை இன்றும் மூட்டையில் 2, 3.5, 5 என்ற எண்களோடு வருகிறது. எண் கூடக்கூடப் பலம் கூடும். மிருதுவான கல்லுக்கு 5 வாங்கிவந்து "சிமெண்ட் போடலையே" என்று பெருமைப்படுபவர்களும் உண்டு. அதுவும் அதே தவறின் தம்பிதான்.

ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-இல். அதற்கு முந்திய சுவரில் அந்தச் சிமெண்ட் இருந்தால் அது பின்னால் வந்த யாரோ அப்பியது. பார்த்ததும் பெயர்த்தெடுக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். உளியால் மெல்லத் தட்டினால் கழன்று வருகிறதா என்று பாருங்கள். கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால், அது தானே தளரும்வரை விட்டுவைப்பதே நல்லது. பிடித்து இழுத்தால் கல்லின் விளிம்பும் கூடவே வரும்.

கிரைண்டர்

சந்தைச் சுரண்ட உளியும் சுத்தியும் போதும். வெட்டுகிற கிரைண்டரின் வட்டு ஒரு நொடி சறுக்கினால் செங்கல்லின் விளிம்பில் என்றைக்கும் மறையாத கோடு விழும். செங்குத்துச் சந்துகளில் நிச்சயம் சறுக்கும், மேலும் கீழும் உள்ள செங்கல்லை வெட்டாமல் வட்டால் அங்கே நிற்கவே முடியாது. சூளையில் செங்கல்லின் முகத்தில் உண்டான இறுகிய தோல் போனால் உள்ளே இருப்பது மாவு. கையால் சுரண்டும்போது இன்னொரு பலனும் உண்டு. எந்தச் சந்து நன்றாக இருக்கிறது, எதைத் தொடவே வேண்டாம் என்று கைக்குத் தெரிந்துவிடும். ஆழம் மட்டும் குறையக்கூடாது, சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது போகவேண்டும். மேலோட்டமாகச் சுரண்டி மெல்லிய பட்டையாக அடைத்தால் அது பட்டையாகவே விழும்.

காய்ந்ததை இறுகியதென்று நம்புவது

சுண்ணாம்பு காய்வது வேறு, இறுகுவது வேறு. வெயிலிலும் காற்றிலும் ஒரே நாளில் காய்ந்து வெளுத்துவிட்ட பூச்சு வெற்றுப் பொடி. கரியமில வாயு சுண்ணாம்போடு சேர ஈரம் வேண்டும். எனவே முன்னதாகச் சுவரை நனை, அடைத்தபின் சாக்கு கட்டு, சாக்கை ஈரமாக வை. சொட்டச்சொட்ட நனைத்தாலும் ஆகாது, துளைகளில் தண்ணீர் நிறைந்தால் காற்று நுழையாது.

சந்தேகம் இருந்தால், சோதனைக்கென்று அடைத்துவைத்த துண்டு ஒன்றை உடைத்து, புது முறிவில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்துப் பாருங்கள். இறுகிய ஓரம் நிறம் மாறாது. இறுகாத உட்பகுதி பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். அவசரக்காரர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

படம் எடுக்காமல் பிரிப்பது

பிரித்தபின் யாருக்கும் நினைவிருக்காது.

பொருளைப் பார்த்துவிட்டு முறையைப் பார்க்காதது

"பழங்காலத்திலும் இரும்புதானே போட்டாங்க?" என்று கேட்பவர்களுக்கு ஏதென்ஸ் அக்ரோபோலிஸைக் காட்டவேண்டும். அந்தக் குன்றின்மேல் உள்ள பார்த்தினான் கோயிலின் பளிங்குக் கற்களைப் பிணைக்கப் பழைய கிரேக்கர்கள் இரும்புக் கவ்விகள்தான் வைத்தார்கள். ஆனால் அவற்றைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றி மூடினார்கள், ஈரம் இரும்பைத் தொடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலானோஸ் தலைமையில் நடந்த மராமத்தில் புது இரும்பைப் போட்டார்கள், ஈயக் காப்பு இல்லாமல். இரும்பு துருப்பிடித்துப் பருத்து, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற பளிங்கைப் பிளந்தது. 1975-இல் அமைந்த குழு தொடங்கிவைத்த வேலையில் அந்த இரும்பையெல்லாம் எடுத்து டைட்டானியம் வைக்கிறார்கள். பழைய வேலையில் எதைப் பார்த்தாலும், அது என்ன என்பதோடு நிற்காமல் அதைச் சுற்றி என்ன செய்திருக்கிறார்கள் என்று தோண்டிப் பாருங்கள்.

அடி அழுகினால் தூணையே மாற்றுவது

மரவேலைக்கு வருகிறவர்களின் ஆசை இது. புது மரத்தை முழுசாக இழைத்து நிறுத்துவதில் ஒரு பெருமை இருக்கிறது. ஜப்பானியத் தச்சர்கள் தரையோடு சேர்ந்த அழுகிய பகுதியை மட்டும் அறுத்து, புது மரத்தைக் கூட்டுமூட்டில் பொருத்தி, மேல்பாதித் தூணை அப்படியே வைத்துக்கொள்வார்கள். ஹோர்யூ-ஜி போன்ற மரக்கோயில்கள் நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்பதில் இந்தச் சிக்கனத்துக்குப் பெரிய பங்குண்டு. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964-இன் வெனிஸ் சாசனமும் இந்தப் பக்கம்தான் பேசுகிறது. புதிதாகச் சேர்ப்பது மொத்தத்தோடு இசையவேண்டும், அதே சமயம் பழையதிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்கவேண்டும். ஊகம் தொடங்குகிற இடத்தில் வேலை நிற்கவேண்டும் என்றும் அதில் உண்டு. அழுகிப்போன வளைவில் என்ன செதுக்கியிருந்தது என்று தெரியாவிட்டால் வெறுமையாக விட்டுவிடுங்கள். உங்கள் கற்பனைக்கு அங்கே இடமில்லை.

மணலைச் சலிக்காமல் போடுவது

கூடாது. மணிகள் எல்லாம் ஒரே பருமனாக இருக்கும் மணலும் கூடாது.

சுதை உருவத்தில் ஆரம்பிப்பது

வருகிறவர்களில் பாதிப்பேர் செதுக்கவும் சுதை வேலை செய்யவும்தான் வருகிறார்கள். வெறும் சுவரில் ஒரு வரியை மட்டத்தில் கொண்டுபோகத் தெரியாமல், உளியைத் தீட்டத் தெரியாமல், சாந்தின் பதம் கைக்கு வராமல் பூவேலையில் உட்கார்ந்தால், பூ நிற்கும்போது சுவர் நிற்காது. சில நாள் பயிற்சிப் பட்டறைகள் நல்லவைதான், ஆனால் அவை ஆசையை மூட்டத்தான். கைக்குப் பழக்கம் வரவேண்டுமென்றால் ஒரே பொருளோடு நீண்ட காலம் கிடக்கவேண்டும். பிரான்சில் கெதலோன் என்ற இடத்தில் 1997 முதல் 13-ஆம் நூற்றாண்டு முறையிலேயே ஒரு கோட்டையைப் புதிதாகக் கட்டிவருகிறார்கள். கல்லுடைப்பு, கொல்லுவேலை, மரவேலை எல்லாம் அங்கேயே. வேடிக்கை என்று சொன்னவர்கள் உண்டு. 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தின் கூரை எரிந்து, அதை மறுபடி ஓக் மரத்திலேயே கட்டுவது என்று முடிவானபோது, பச்சை மரத்தைக் கோடாலியால் செதுக்கி உத்தரம் செய்யத் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. கெதலோனில் பழகியவர்களும் அந்த வேலையில் இருந்தார்கள்.

தேதிக்குத் தலையாட்டுவது

ஒரு கை சிமெண்ட் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மழைக்கு முன் முடித்துவிடுங்கள், திறப்பு விழாவுக்கு முன் முடித்துவிடுங்கள் என்பார்கள் வேலை கொடுப்பவர்கள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு சுண்ணாம்போடு சண்டை போடுவோம். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு வேலையை நிறுத்தவேண்டும். கடும் வெயிலில் நிழல் கட்டாமல் தொடவே கூடாது. இறுகும் நாட்களில் ஆள் நின்று சாக்கை நனைக்கவேண்டும், அந்த ஆளுக்குக் கூலியும் உண்டு. பேச்சுவார்த்தையின்போதே இந்த நாட்களைத் தனியாக எழுதி வாங்குங்கள். ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று அவர்கள் சொன்னால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.